பக்கத்து வீட்டுல என்ன சொல்றாக?

கையில் படிவ அட்டை, தோளில் பை, வாயில் ஒரே கேள்வி: "நேத்து டீவியில என்ன பாத்தீக?" இருபத்திரண்டு வருஷம் இதைக் கேட்டுத்தான் நான் சோறு தின்றேன். வீடு தேனி அல்லிநகரத்தில். அங்கிருந்து இந்தப் பக்கம் பெரியகுளம், அந்தப் பக்கம் லோயர் கேம்ப் வரைக்கும் நான் ஏறாத வாசல்படி இல்லை. ரேஷன் கார்டில் பேர் சேர்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்து நாற்காலி போட்டவர்கள் உண்டு. சீட்டுக் கம்பெனிக்காரி என்று நினைத்து நாயை அவிழ்த்துவிட்டவர்களும் உண்டு. இரண்டு தரப்புக்கும் கேள்வி ஒன்றுதான்.

போன மாதம், டீவிக்காரர்களுக்குக் கருத்துக் கணிப்பு எடுத்துக் கொடுக்கிற எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து போன் வந்தது. இனிமேல் வீடு வீடாகப் போகிற வேலையே கிடையாதாம். நிகழ்ச்சி பிடித்திருந்தால் ஜனங்கள் போனில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிடுகிறார்களாம். "உங்க அனுபவத்த ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க மேடம்" என்று கேட்டாள் போனில் பேசிய பெண். கட்டைவிரல் பொய் சொல்லுமா என்று எனக்குத் தெரியாது. வாய் சொல்லும். அதிலிருந்து உண்மையை எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியும். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் கை வருகிறது. ஏன் பொய்? பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

மதுரையில் நான்கு நாள் பயிற்சி கொடுத்தார்கள். மூன்று நாள் எனக்குத் தூக்கம் வந்தது. நான்காம் நாள் தாமோதரன் சார் வந்தார், தூக்கம் போய்விட்டது. எங்கள் வட்டாரத்துக்கு அவர்தான் மேற்பார்வையாளர். ஒல்லியான மனுஷன். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகக் கட்டியிருப்பார். பேட்டி எடுக்கிறபோது நாம் மணி பார்ப்பது எதிரே இருப்பவருக்குத் தெரிந்தால் அவர் அவசரமாகப் பதில் சொல்லிவிடுவார் என்பது அவர் கணக்கு. தலையாட்டாதே, சிரிக்காதே, முகம் சுளிக்காதே. படிவம் முடிகிற வரைக்கும் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காதே. ஒரு நேரத்தில் ஒருவரிடம்தான் பேச வேண்டும். பதில் எழுதுகிற தாளில் பேர் வரக்கூடாது, எண் மட்டும்; அந்த எண்ணுக்கு உரிய வீடு எது என்பது தனிப் பட்டியலில் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: ஆள் சொன்னதை ஆள் சொன்ன மாதிரியே எழுது. அவள் "இருக்காக" என்று சொன்னால் நீ "இருக்கிறார்கள்" என்று திருத்தாதே.

அவர் சத்தம் போட்டுத் திட்டி நான் பார்த்ததில்லை. எங்கள் படிவங்களை ஒவ்வொன்றாகப் படிப்பார். நம்பினால் வலது கைப் பக்கம் வைப்பார். சந்தேகம் வந்தால் கவிழ்த்து வைப்பார். அந்தத் தாள் கவிழ்கிற சத்தம் கேட்டாலே யாருடைய படிவம் என்று எட்டிப் பார்ப்போம். ஏனென்றால் கவிழ்த்த படிவத்தை எடுத்துக்கொண்டு அவரே அந்த வீட்டுக்குப் போய் அதே கேள்வியை மறுபடி கேட்பார். அதற்குப் பின்சோதனை என்று பேர். பதில் ஒத்துப்போனால் பச்சை மையில் கையெழுத்து. ஒத்துப்போகாவிட்டால் எழுதியவளுக்கு மறுநாள் வேலை கிடையாது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு தெருவுக்கே பதில் எழுதிய ஒருத்தி அப்படித்தான் போனாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சேனலில் வெளிநாட்டுச் சிரிப்புத் தொடர் ஒன்றைத் தமிழில் பேசவைத்துப் போட்டார்கள். அயர்லாந்து என்ற நாட்டிலிருந்து லண்டனுக்குப் பிழைக்கப் போன ஐந்து சிநேகிதர்கள். என்ன வேலை செய்து பிழைக்கிறார்கள் என்று கடைசிவரை காட்டவில்லை. வாராவாரம் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து மூக்குமுட்டக் குடிப்பார்கள், ஒருத்தனை ஒருத்தன் வாருவார்கள், ஊர் ஞாபகம் வந்தால் கட்டிப்பிடித்து அழுவார்கள். பின்னால் யாரோ கும்பலாகச் சிரிப்பார்கள். குடி கெடுதல் என்கிற எச்சரிக்கை வரி திரையின் அடியில் ஆரம்பம் முதல் கடைசிவரை அசையாமல் நிற்கும். பெரியகுளத்தில் ஒரு வாத்தியார் வீட்டில் அதுதான் தொடரின் பேர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் திருத்தவில்லை. திருத்துவது எங்கள் வேலை இல்லை.

இந்தத் தொடரைத் தொடர்வதா நிறுத்துவதா என்று சேனலுக்குத் தெரிய வேண்டும். முதல் வாரம் நான் எடுத்த படிவங்கள் அத்தனையிலும் ஒரே பதில்தான்: நல்லாருக்கு. தேனியில் மாடி மேலே எங்களுக்கு ஒரு வாடகை அறை இருந்தது. அங்கே தாமோதரன் சார் எல்லாவற்றையும் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஜெயக்கொடிம்மா, கம்பம் பள்ளத்தாக்கு மொத்தமும் இந்தத் தொடருக்கு உயிரை விடுது."

"ஆமா சார்."

"ஆனா போன வாரம் என்ன கதைன்னு கேட்டா ஒருத்தருக்கும் சொல்லத் தெரியல."

"ஆமா சார்."

"அப்புறம்?"

அந்த "அப்புறம்?" தான் அவருடைய ஏச்சு. அதை வாங்கிக்கொண்டு மறுநாள் உத்தமபாளையத்துக்கு பஸ் ஏறினேன். வயிறெரிச்சலோடுதான் போனேன். ஜனங்கள் சொன்னதைத்தானே எழுதினேன், நான் என்ன செய்ய?

அங்கே ஒரு ராவுத்தர் வீடு. பெரியவர் இளவயதில் பினாங்கில் மாமன் கடையில் நின்றவர், பிறகு ஊரில் ஏலக்காய் வியாபாரம். "நல்லாருக்கும்மா" என்றார் அவரும். எழுதிக்கொண்டு அட்டையை மூடினேன். டீ வந்தது. படிவம் முடிந்ததால் குடிக்கலாம். குடித்துக்கொண்டே சும்மாதான் கேட்டேன், "பக்கத்து வீட்டுலயும் பாக்குறாகளா அய்யா?"

"பக்கத்து வீட்டு மச்சானா? விடாம பாக்குறாரு. ஆனா என்ன சொல்றாருன்னா, குடிக்கிறதத் தள்ளிவச்சுப் பாத்தா அது ஊர விட்டுப் போனவுக கதைதான்ங்கிறாரு. பினாங்குல கடையப் பூட்டுன பெறகு நாங்களும் இப்படித்தான் வட்டமா உக்காந்து ஊரப் பத்தியே பேசுவோம், டீயத்தான் குடிச்சோம், இவனுக எதுக்கு இந்தக் கருமத்தக் குடிக்கிறானுகன்னு வருத்தப்படுறாரு."

"மச்சானும் பினாங்குல இருந்தவுகளா அய்யா?"

"அவரு எங்கன போனாரு? கம்பத்தையே தாண்டுனதில்ல."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. துண்டால் வாயைத் துடைப்பது போல மறைத்துக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கக்கூடாது, டீயைப் பார்த்துக்கொண்டேன்.

அடடா, இதுதானா சங்கதி! எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு நான்தான் அந்த டீவிக்காரி. வெயிலில் வீடு தேடி வந்த ஒருத்தியை உட்காரவைத்து, உன் நாடகம் நல்லாயில்லை என்று மூஞ்சிக்கு நேரே எப்படிச் சொல்வார்கள்? அந்த மரியாதைக் குறைவை எதிரிகூடச் செய்யமாட்டான். சொல்ல வேண்டியதைப் பக்கத்து வீட்டுக்காரர் வாயில் வைத்துத்தான் சொல்வார்கள். நானும் இந்த ஊர்க்காரிதான், அம்மா வீட்டுக்குப் போனால் மாமியாரைப் பற்றி நானும் இப்படித்தான் பேசுவேன். அது என் புத்திக்கு இத்தனை நாள் எட்டவில்லை.

அன்றிலிருந்து அட்டையை மூடிய பிறகு ஒரு கேள்வி சேர்த்துக்கொண்டேன்: "பக்கத்து வீட்டுல என்ன சொல்றாக?" மடை திறந்த மாதிரி வந்தது. அந்த ஐந்து பேரில் செவத்தவன் நல்லவன், தாடிக்காரன்தான் அவனைக் கெடுக்கிறான் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு பார்க்கமுடியவில்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஆள் விழுந்தால் எதற்குச் சிரிக்கிறார்கள், தூக்கிவிடாமல் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எல்லாவற்றையும் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதினேன்.

அடுத்தவர் கருத்தைக் கேட்கக்கூடாது என்பது விதி. தாமோதரன் சார் பின்பக்கங்களை மட்டும் தனியாகப் படித்தார். நான் கவிழ்கிற சத்தத்துக்குக் காத்திருந்தேன். கடைசித் தாளையும் வலது பக்கம் வைத்துவிட்டு, "அச்சடிச்ச பக்கத்துல இதக் கலக்காதீங்க. பின்பக்கமே இருக்கட்டும். மத்தவங்களுக்கும் சொல்லிக் குடுங்க" என்றார். அவ்வளவுதான். மேல்மாடியிலிருந்து இறங்கும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பவுன்தாய் வீட்டுக்குப் போனேன். பவுன்தாய் என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பேரை இன்றைக்கும் எழுதமாட்டேன். கம்பத்துக்கும் கூடலூருக்கும் நடுவில், வாய்க்கால் ஓரம், சுற்றிலும் திராட்சைப் பந்தல், நடுவில் ஒற்றை வீடு. அக்கம்பக்கம் வீடே கிடையாது. திராட்சைக் குலை வெட்டுகிற வேலை அவளுக்கு. வீட்டுக்காரர் முருகேசன் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிற ஜீப் டிரைவர். நான் போனபோது அவர் இல்லை. குலை வெட்டுகிற கத்திரியை மடியில் வைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

"பாக்குறீகளா?"

"ஒரு வாரங்கூட விடாம பாக்கேன்க்கா."

"பிடிச்சிருக்கா?"

"பிடிக்கல."

என் பேனா நின்றுவிட்டது. அத்தனை வாரத்தில் என் முகத்துக்கு நேரே அப்படிச் சொன்னவள் இவள் ஒருத்திதான். சொல்லிக்கொள்ள இவளுக்குப் பக்கத்து வீடு இல்லையே!

"பிடிக்காம எதுக்குப் பாக்குறீக?"

"அந்த அஞ்சு பேரும் கடையிலயே உக்காந்திருக்காக. கட சாத்துன பெறகு எங்கனயாச்சும் போகணும்ல? ஒரு வீடு இருக்கும்ல? அந்தக் கதவ ஒருத்தி முழிச்சிருந்து தொறந்துதான விடணும்? ஒரு வாரமாச்சும் அந்தக் கதவக் காட்டுவாகன்னு பாக்கேன்க்கா. காட்டவே மாட்டேங்காக. பின்னாடி கும்பலாச் சிரிக்கிறாகளே, அவுகள்ல ஒருத்தி கூட குடிக்கிறவுகளுக்கு வாக்கப்பட்டவ இல்ல."

ஒரு எழுத்து விடாமல் எழுதினேன். கண் கலங்கியது, தலையைக் குனிந்துகொண்டேன்.

"இது எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாதுல்லக்கா? அவுக குடிக்கிறதப் பத்தி அவுக தங்கச்சிகிட்ட ஒருக்க வாய்விட்டுட்டேன்னு என் பொட்டியத் தூக்கி வாசல்ல வச்சுட்டாக. மூணு மாசம் எங்க ஆத்தா வீட்டுல கெடந்தேன்."

"தெரியாது. பேரே இருக்காது, நம்பர்தான். சத்தியம்" என்றேன். பின்சோதனை என்று ஒன்று இருப்பது தெரிந்தும் அந்தச் சத்தியத்தைச் செய்தேன். அது என் தப்பு.

அந்த வாரம் மாடி அறையில் தாமோதரன் சார் அந்தப் படிவத்தைப் படித்தார். மறுபடி படித்தார். கவிழ்த்தார்.

"மத்த எல்லாரும் முன்பக்கம் நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் பின்பக்கம் போறாங்க. இந்தம்மா மட்டும் முன்பக்கமே இப்படிப் பேசுதா? யாரோ உக்காந்து யோசிச்சு எழுதுன மாதிரி இருக்கேம்மா."

"சார், நா எழுதுனது இல்ல. அவுக பேசுனது."

"அப்ப நாளைக்கே போய்க் கேட்டுருவோம். தோட்டத்துக்குள்ள வீடுன்னு போட்டிருக்கு, வழி காட்ட நீங்க வரணும். வழி மட்டும்தான். வாயத் திறக்கக் கூடாது."

என் வீட்டுக்காரர் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. என் மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். இந்த வேலை போனால் என்ன செய்வது என்று பஸ்ஸில் ஒரு பக்கம் யோசனை. ஆனால் எனக்கென்ன பயம், நான் எழுதியது உண்மை. வாய்க்கால் கரையில் நடந்து, பந்தல் திருப்பத்தில் திரும்பினதும்தான் உயிர் போனது. வீட்டு முன்னால் ஜீப் நிற்கிறது. பானெட்டைத் தூக்கிவைத்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டு முருகேசன்.

"சார், திரும்பிருவோம். இன்னொரு நாள் வருவோம்."

"ஆள் பாத்து நாள் மாத்துனா அது சோதனை இல்லம்மா."

"அவுக வீட்டுக்காரர் இருக்காரு சார். அவர வச்சுக்கிட்டு இதக் கேட்டா அவ வாழ்க்க போயிரும்."

"கேக்காமப் போனா உங்க வேல போயிரும். நீங்க எடுத்த படிவம் எல்லாம் ரத்தாகும்."

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. "அப்ப நானே எழுதுனதுன்னு வச்சுக்கங்க சார்" என்றேன்.

அவர் கை உள்பக்கத்தைத் திருப்பி மணி பார்த்தார். பிறகு தன் அட்டையில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, பேனாவையும் சேர்த்து நீட்டினார். "எழுதிக் குடுங்க." வாங்கினேன். "மேற்படி படிவத்தை நானே என் கற்பனையில்" என்பதுவரை எழுதியிருப்பேன். பந்தலுக்குள்ளிருந்து கத்திரியும் கையுமாகப் பவுன்தாய் வந்துவிட்டாள்.

"வாங்கக்கா, என்ன வெயில்லயே நிக்கிறீக?"

முருகேசன் பானெட்டிலிருந்து தலையை எடுத்தார். தாமோதரன் சார் என் கையிலிருந்த தாளை உருவி, மடித்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பவுன்தாயிடம் தனியாகப் பேச வேண்டும் என்று சார் விதியைச் சொன்னார். முருகேசன் கேட்கவில்லை. "எம் பொண்டாட்டிகிட்ட நா இல்லாம என்ன கேள்வி? கேளுங்க, நானும் கேக்கேன்" என்று ஸ்பானரோடு வீட்டுக்குள் வந்து சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். நான் நிலைப்படியில் நின்றேன். வாயைத் திறக்கக்கூடாது. அந்த அரை மணி நேரம் போல என் நாக்கு எனக்குக் கனத்ததில்லை.

"அந்த வெளிநாட்டுத் தொடர் பாக்குறீங்களாம்மா?"

"பாக்கேன் சார்."

"அதப் பத்தி என்ன நினைக்கிறீங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். எல்லாவற்றையும் என் முகத்திலிருந்து புரிந்துகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். இருபத்திரண்டு வருஷத்தில் முகத்தில் எதையும் காட்டக்கூடாது என்கிற விதியை நான் மீறியது அன்றைக்குத்தான்.

"எனக்கென்ன சார் தெரியும்" என்று ஆரம்பித்தாள். "பக்கத்து வீட்டம்மாதான் சொல்லுவா. அந்த அஞ்சு பேரும் கடையிலயே உக்காந்திருக்காகளே, கட சாத்துன பெறகு எங்கன போவாகன்னு..."

நான் கற்றுக்கொடுக்கவில்லை. அதை இந்த ஊரில் யாரும் யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. கடை, வீடு, கதவு, முழித்திருக்கிறவள், பின்னால் சிரிக்கிறவர்கள், எல்லாம் வரிசை மாறாமல் வந்தது. சாரின் விரல் படிவத்தில் வரி வரியாக இறங்கிக்கொண்டிருந்தது. முருகேசன் ஸ்பானரைத் துடைப்பதை நிறுத்திவிட்டார். ஜன்னலுக்கு வெளியே எங்கே பார்த்தாலும் பந்தல். அந்த அறையில் இருந்த நான்கு பேருக்கும் தெரியும், அங்கே பக்கத்து வீடு என்று ஒன்று இல்லை.

சார் ஜன்னலைப் பார்த்தார். பேனாவின் மூடியைத் திறந்தார். "பக்கத்து வீட்டம்மா பேரு என்னம்மா?"

பாவி மனுஷா, அத்தோடு விடக்கூடாதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பவுன்தாய் கத்திரியைத் தரையில் வைத்தாள். தன் வீட்டுக்காரரை நேராகப் பார்த்தாள்.

"பவுன்தாய்" என்றாள்.

முருகேசன் எழுந்தார். அவர் யாரையும் பார்க்காமல் என்னைத் தாண்டி வெளியே போனார். ஜீப் பக்கம் நின்றார். இரும்புச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து, முகம் காட்டாமல், அங்கிருந்தே ஒரு குரல் கொடுத்தார். "ஏ புள்ள, வந்தவுகளுக்கு மோரு கீரு குடுத்தியா?"

சார் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். பிறகு, படிவம் முடிந்துவிட்டதால், மோர் குடித்தார்.

திரும்பி வருகையில் வாய்க்கால் கரையில் அவர் நின்றார். "உங்களச் சந்தேகப்பட்டது என் வேலைம்மா. சந்தேகம் தப்பாப் போனதுல எனக்குச் சந்தோஷம்" என்றார். நான் எழுதிய அந்த அரை வரித் தாளைத் திருப்பிக் கேட்டேன். தரவில்லை. "உங்க சர்வீஸ்ல நீங்க எழுதுன பொய் இது ஒண்ணுதான். இது என்கிட்ட இருக்கட்டும்" என்றார். அவர் ஓய்வுபெற்ற நாளில் மேசை இழுப்பறையைக் காலி செய்தபோது அந்தத் தாள் அங்கே இருந்ததை நானே பார்த்தேன். பல பேருக்குப் பல விருது கிடைத்திருக்கும். எனக்கு அது போதும்.

பவுன்தாயின் படிவம் சென்னைக்குப் போனது, ஒரு "இருக்காக"வைக்கூடத் திருத்தாமல். கொஞ்ச வாரத்தில் தொடரையே நிறுத்திவிட்டார்கள். எங்களால்தான் நின்றது என்று நான் மார்தட்டமாட்டேன். அங்கே யார் படித்தார்கள், என்ன நினைத்தார்கள் என்று ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

பேட்டி எடுத்த வீட்டுக்கு நாமாக மறுபடி போகக்கூடாது. அதுவும் விதி. மனசு அடித்துக்கொண்டாலும் போகவில்லை. ஒரு வருஷம் இருக்கும், கம்பம் பஸ் ஸ்டாண்டில் பின்னாலிருந்து யாரோ என் பையைப் பிடித்து இழுத்தார்கள். பவுன்தாய்.

"என்னக்கா, அந்த நாடகத்த நிப்பாட்டிட்டாகளே! கடைசிவரைக்கும் அந்தக் கதவக் காட்டவே இல்லயே!"

சிரித்துவிட்டேன். கையில் அட்டை இல்லை, சிரிக்கலாம். "வீட்டுல எப்படி இருக்காக?" என்று கேட்டேன்.

"குடி நிக்கலக்கா, பொய் சொல்லுவானேன். ஆனா முந்தியெல்லாம் கதவப் போட்டு ஓங்கி ஓங்கி இடிப்பாக. அன்னையில இருந்து இடிக்கிறதில்ல. வெளிய நின்னு பேரச் சொல்லிக் கூப்புடுறாக. நானும் கொஞ்சம் நிக்க வச்சுத்தான் தொறக்கேன்."

கூடலூர் பஸ் வந்துவிட்டது. கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஓடினாள். எனக்கு மனசு கேட்கவில்லை, அத்தனை கூட்டத்திலும் கத்திக் கேட்டேன்.

"ஏ பவுனு, பக்கத்து வீட்டுல என்ன சொல்றாக?"

படியில் நின்றுகொண்டு திரும்பினாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"அவளா? ஏதோ பரவால்லங்கிறாக்கா!"

அதை எழுத அன்றைக்கு என்னிடம் படிவம் இல்லை. இப்போதுதான் எழுதுகிறேன், அவள் சொன்ன மாதிரியே.